தோலொலிக்கு உடல் தரும் பதில்: மேளத்தையும் ஆட்டத்தையும் சேர்த்துப் பயில ஒரு முழுமையான வழிகாட்டி

புளியந்தோப்பு, வியாசர்பாடி, காசிமேடு, கொருக்குப்பேட்டை என்று வடசென்னையின் எந்தத் தெருவில் வளர்ந்தாலும், மேளம் கேட்டவுடன் கால் எழும்புவதற்குத் தனியாக ஓர் ஆசிரியர் தேவைப்படுவதில்லை. ஆடி மாதத்து அம்மன் ஊர்வலத்திலும், கல்யாண வரவேற்பிலும், துக்க வீட்டு வாசலிலும் தோலொலி சிறு வயதிலிருந்தே காதில் விழுந்துகொண்டிருப்பதால், தாளம் உடலுக்குள் தானாகவே ஊறிவிடுகிறது. அந்தப் பிடிப்பு எப்படி நிகழ்கிறது என்பதைப் பிரித்தறிந்து, அதைத் தெரிந்தே கையாள விரும்பும் ஆட்டக்காரர்களுக்கும் மேளக்காரர்களுக்கும் இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. பரதநாட்டியம் பயில்பவர், பறையாட்டக் குழுவில் இருப்பவர், கல்லூரி விழாவில் குத்தாட்டம் ஆடுபவர் ஆகிய மூவரும் ஒரே இடத்தில் நின்று இதைச் செய்து பார்க்கலாம். அப்படிச் செய்வதே நல்லது என்பது என் கருத்து.

ஒவ்வோர் அடிக்கும் ஓர் அசைவு என்று பொருத்திக்கொண்டே போவது ஆட்டத்தின் தொடக்கம் மட்டுமே. அடி விழுவதற்கு முன்பே உடல் புறப்பட்டாக வேண்டும். அடி விழுந்த பிறகும் உடலின் பயணம் முடிந்துவிடுவதில்லை. ஆகவே ஆட்டம் பெரும்பாலும் இரண்டு அடிகளுக்கு நடுவே உள்ள இடைவெளியில்தான் நிகழ்கிறது. கீழே வரும் படிகள் யாவும் அந்த இடைவெளியைக் கேட்கவும், அதில் என்ன செய்வது என்று முடிவெடுக்கவும் பழக்குவதற்கானவை.

தொடங்கும் முன்

ஒருவர் வாசிக்க, இருவரோ மூவரோ ஆட முடிந்தால் போதும். பறை, சட்டி மேளம், டோலக், டபேலா, மிருதங்கம் என எது கிடைத்தாலும் சரி. எதுவும் கிடைக்கவில்லை என்றால் கவிழ்த்து வைத்த பிளாஸ்டிக் குடமும் ஒரு மரப்பலகையும்கூடத் தொடக்கத்துக்குப் போதுமானவை. ஒன்று ஆழ்ந்த ஒலியையும் மற்றொன்று கூரிய ஒலியையும் தர வேண்டும் என்பதே முக்கியம்.

தரையைப் பற்றி முன்னதாகவே சொல்லிவிட வேண்டும். நம் பகுதியில் பயிற்சி பெரும்பாலும் மொட்டை மாடியிலோ குடியிருப்பு மைதானத்திலோதான் நடக்கிறது. கான்கிரீட் தரையில் குதிகாலை ஓங்கி அடித்துக்கொண்டே இருந்தால் முழங்காலும் கணுக்காலும் முன்னங்கால் எலும்பும் வலி எடுக்கும். பலமாகத் தட்டும் பயிற்சிகளை மண்தரையிலோ, ரப்பர் விரிப்பின் மேல் பரப்பிய பிளைவுட்டிலோ செய்யுங்கள். கான்கிரீட்டில் தட்டுவதன் அளவைக் குறைத்து, எடை மாற்றத்தை மட்டும் பழகுங்கள்.

காதுக்கும் அதே கவனம் வேண்டும். தொழிலிடங்களில் செவியைக் காக்கப் பரவலாகப் பின்பற்றப்படும் ஒரு பரிந்துரைப்படி, 85 டெசிபெல் ஒலியில் 8 மணி நேரம் வரை இருக்கலாம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். அந்தக் கணக்கில் 94 டெசிபெலுக்கு 1 மணி நேரமும், 100 டெசிபெலுக்கு 15 நிமிடமும்தான் கிடைக்கும். நன்கு காய்ச்சிய, அதாவது நெருப்பில் காட்டித் தோலை இறுக்கிய, பறைக்கோ சட்டிக்கோ மிக அருகில் நின்றால் ஒலி இந்த அளவுகளைத் தொடுவது அரிதன்று. மூடிய அறையில் நெடுநேரம் வாசிக்காதீர்கள். காதடைப்பானை வெட்கப்படாமல் பயன்படுத்துங்கள். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் மேளம் போன்ற ஒலிக்கருவிகளைக் கட்டுப்படுத்துகின்றன என்பதையும், பக்கத்து வீட்டில் படிக்கும் பிள்ளைகளையும் நினைவில் வைத்து நேரத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள்.

படி 1: அசையாமல் கேட்டல்

முதல் நாள் யாரும் ஆட வேண்டாம். வாசிப்பவர் ஓர் அடி மட்டும் அடிக்கட்டும். மற்றவர்கள் கண்ணை மூடிக்கொண்டு, ஒலி முழுவதும் அடங்கும் வரை காத்திருந்து கையை உயர்த்தட்டும். கருவிக்குக் கருவி இந்த நேரம் மாறுவதை உடனே உணர்வீர்கள்.

பறையின் ஒலி சட்டென்று எழுந்து சட்டென்று அறுகிறது. மிருதங்கத்தின் வலந்தலையில் விழும் ஓர் அடி, நடுவில் பூசியிருக்கும் கரணையின் காரணமாக, ஒரு சுருதியைப் பற்றிக்கொண்டு ஒலிக்கிறது. சாதாரணத் தோலின் அதிர்வுகள் ஒன்றுக்கொன்று ஒழுங்கான விகிதத்தில் அமைவதில்லை. கரணையின் எடை அவற்றை ஒழுங்குக்குக் கொண்டுவருகிறது என்பதை 1920இல் சி.வி. இராமன் ஆராய்ந்து எழுதினார். இடந்தலையில் விழும் தொப்பியின் ஒலி தாழ்ந்து, சற்றே நீண்டு, வயிற்றில் படுவது போல இருக்கும். இந்த மூன்றுக்கும் ஒரே அசைவைச் செய்தால் ஒன்றாவது பொருந்தாமல் போகும். அறுந்து விழும் ஒலிக்கு நெடிய கைவீச்சைச் செய்யும்போது, ஒலி முடிந்த பிறகும் கை காற்றில் தனியாகப் போய்க்கொண்டிருக்கும். அது தவறு அன்று, ஆனால் தெரிந்து செய்யப்பட வேண்டிய ஒன்று.

பறையைக் காய்ச்சும்போது உடனிருந்து பார்ப்பது இந்தப் படியின் சிறந்த பாடம். கடலோரக் காற்றின் ஈரத்தில் தோல் தளர்ந்திருக்கும். அடித்தால் தொய்ந்த, மங்கிய ஒலிதான் வரும். வைக்கோலையோ காகிதத்தையோ கொளுத்தி, தோலின் முகத்தை நெருப்பின் மேல் ஒரே இடத்தில் நிறுத்தாமல் சுற்றிச் சுற்றிக் காட்டுவார்கள். இடையிடையே விரலால் தட்டிப் பார்ப்பார்கள். தோலிலிருந்து ஈரம் வெளியேற வெளியேற அது இறுகி, ஒலி படிப்படியாக மேலேறும். நன்றாக ஏறிய பின் விரல் நுனி பட்டாலே கணீரென்று வெட்டும். தளர்ந்த பறைக்கு ஒருமுறையும் காய்ச்சிய பறைக்கு ஒருமுறையும் அதே அடியை வாசிக்கச் சொல்லி, உங்கள் தோள் எதற்குத் தானாக எழும்புகிறது என்று கவனியுங்கள். ராயபுரத்துக் கடற்காற்றில் சற்று நேரத்திலேயே தோல் மீண்டும் இறங்கிவிடும். ஆட்டமும் அதோடு கனத்துப்போவதை நீங்களே காண்பீர்கள்.

படி 2: வாயால் சொல்லுதல்

வாயில் வராத தாளம் காலில் வராது. நம் மரபுகள் எல்லாமே இதை அறிந்தே, தாளத்தை வாயால் சொல்லும் அசைக் கோவைகளான சொற்கட்டுகளை வைத்திருக்கின்றன. மூன்றுக்குத் தகிட, நான்குக்குத் தகதிமி, ஐந்துக்குத் தகதகிட, ஏழுக்குத் தகிடதகதிமி, ஒன்பதுக்குத் தகதிமிதகதகிட என்று திஸ்ரம், சதுஸ்ரம், கண்டம், மிஸ்ரம், சங்கீர்ணம் ஆகிய ஐந்து தாள ஜாதிகளையும் சீராகக் கைதட்டிக்கொண்டே சொல்லிப் பழகுங்கள். ஐந்தும் ஏழும் முதலில் நழுவும். நடந்துகொண்டே சொன்னால் விரைவில் பிடிபடும்.

நம் பகுதிக்கு மிக நெருக்கமானது ஆறு அடங்கிய நடை. கானாவும் சாவு மேளமும் குத்துப் பாட்டும் பெரும்பாலும் இதில்தான் உருள்கின்றன. இதன் ஆற்றலைப் புரிந்துகொள்ள ஓர் எளிய பயிற்சி உண்டு. ஒன்று முதல் ஆறு வரை ஒரே சீராக எண்ணிக்கொண்டே இருங்கள். கால் ஒன்றிலும் நான்கிலும் தரையைத் தொடட்டும். அது நிலைபெற்ற பிறகு, எண்ணுவதை நிறுத்தாமல், ஒன்று, மூன்று, ஐந்து ஆகிய எண்களில் கையைத் தட்டுங்கள். கால் ஆறை இரண்டாகப் பிரிக்கிறது. கை அதே ஆறை மூன்றாகப் பிரிக்கிறது. இரண்டும் ஒன்றில் மட்டும் சந்தித்து, மற்ற இடங்களில் பிரிந்து போகின்றன.

இப்போது கையையும் காலையும் சேர்த்து, ஒலி எழும் இடங்களை மட்டும் கேளுங்கள்: ஒன்று, மூன்று, நான்கு, ஐந்து. ஓர் எண்ணுக்கு ஒரு மாத்திரை என்று வைத்து, இதையே ‘டண்’ என்பதற்கு இரண்டு மாத்திரை, ‘ட’வுக்கு ஒன்று, ‘ண’வுக்கு ஒன்று, ‘க்கா’வுக்கு இரண்டு என்று அளந்து சொன்னால் டண்டணக்கா வந்துவிடுகிறது. தெருவில் குழந்தைகூட வாயால் போட்டுக்காட்டும் அந்தச் சொல்லுக்குள் இரண்டும் மூன்றும் பின்னிக்கிடக்கின்றன. குத்தாட்டத்தில் கால் ஒரு கணக்கிலும் தோள் வேறொரு கணக்கிலும் போவதைப் பார்த்து, பயிற்சியில்லாத ஆட்டம் என்று சொல்பவர்கள் இந்தப் பயிற்சியை ஒருமுறை நிதானமாகச் செய்து பார்க்க வேண்டும். உலகின் பல இசை மரபுகளில் பாடமாக வைத்துக் கற்பிக்கப்படும் ஒரு நுட்பம் நம் தெருவில் காதாலேயே கடத்தப்படுகிறது.

கைக்கு வந்த பின் கையை விட்டுவிட்டு, மூன்றின் கணக்கைத் தோளுக்குக் கொடுங்கள், பிறகு இடுப்புக்கு, பிறகு தலைக்கு. கால் மட்டும் ஒன்றையும் நான்கையும் விடக் கூடாது. அவசரம் வேண்டாம், இந்தப் படியிலேயே சில வாரங்கள் தங்கினாலும் இழப்பு ஏதும் இல்லை.

படி 3: அடிக்கு முன்னால் புறப்படுதல்

கைத்தட்டலுக்கும் கால்தட்டலுக்கும் உள்ள பெரிய வேறுபாடு எடை. உடலின் முழு எடையையும் ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாற்றுவதற்கு நேரம் பிடிக்கிறது. அடி காதில் விழுந்த பிறகு புறப்பட்டால், கால் தரையைத் தொடும்போது தாளம் கடந்துபோயிருக்கும். ஆகவே நன்றாக ஆடுபவர் யாரும் அடியைக் கேட்டு ஆடுவதில்லை. அடுத்த அடி எங்கே வரும் என்று உடலால் முன்கணித்து, அதற்கு முன்பே கிளம்பிவிடுகிறார். சீரான ஒலிக்கு ஏற்ப விரலால் தட்டச் சொல்லிச் செய்யப்பட்ட பல ஆய்வுகளில், மனிதர்கள் ஒலிக்கு ஒரு விநாடியின் நூற்றில் சில பங்கு முன்னதாகவே தட்டுவது மீண்டும் மீண்டும் காணப்பட்டிருக்கிறது. காத்திருப்பது நம் இயல்பன்று, எதிர்பார்ப்பதே இயல்பு.

இதைப் பழகும் வழி: வாசிப்பவர் நிமிடத்துக்கு 60 அடி என்ற மெதுவான காலப்பிரமாணத்தில் ஒரே ஒலியை வாசிக்கட்டும். ஆடுபவர் அடிகளுக்கு நடுவில் முழங்காலை மடக்கி இறங்கி, அடி விழும் கணத்தில் எடையை மறுகாலில் முழுமையாக வைக்க வேண்டும். இறங்கும் பாதை முழுவதும் ஒரே வேகத்தில் இருக்கட்டும். கடைசியில் அள்ளிப்போட்டுக்கொண்டு ஓடக் கூடாது. மெதுவான காலமே கடினமானது. 120 அடிக்கு ஆடத் தெரிந்த பலரும் 60க்கு ஆடச் சொன்னால் தடுமாறுவார்கள், ஏனென்றால் நடுவில் கிடைக்கும் அத்தனை நேரத்தை என்ன செய்வது என்று அவர்கள் உடல் யோசித்ததே இல்லை.

பரதநாட்டியத்தின் அடிப்படைப் பயிற்சி அசைவுகளில் ஒன்றான குதித்து மெட்டடவு இந்தப் பாடத்தை மிகத் தெளிவாகக் கற்பிக்கிறது. ‘தெய் ஹத் தெய் ஹி’ என்ற சொற்கட்டில், ‘தெய்’ என்னும்போது முழங்காலை மடக்கிய அரைமண்டி நிலையிலிருந்து முன்பாதத்தில் குதித்து நிற்கிறார்கள். ‘ஹத்’ என்னும்போது குதிகால் தரையில் இறங்குகிறது. குதிப்பு மெல்லொலி, குதிகால் வல்லொலி. ஆட்டத்தை நடத்தும் நட்டுவனாரின் தாளக்கட்டையோ கைத்தாளமோ எந்த ஒலியை எங்கே தருகிறது, பாதத்தின் எந்தப் பகுதி அதை ஏற்கிறது என்று இரண்டையும் சேர்த்துக் கவனியுங்கள். மூன்று காலங்களிலும், அதாவது மூன்று வேகங்களிலும், செய்யும்போது, மூன்றாம் காலத்தில் குதிப்பின் உயரம் தானாகக் குறைவதையும் பாருங்கள்: இடைவெளி சுருங்கும்போது அசைவும் சுருங்கியே தீரும். பெரிதாகவும் வேகமாகவும் ஒரே நேரத்தில் ஆட முயல்பவர்கள் தாளத்தை இழப்பது இந்த எளிய காரணத்தால்தான்.

மேளக்காரரின் கையிலும் இதே பயணம் உண்டு. பறையை வாசிக்கும் இரு குச்சிகளில் சிண்டுக்குச்சி மெல்லியதும் நீண்டதுமாக இருக்கும். அடிக்குச்சி குட்டையாகவும் தடிமனாகவும் இருக்கும். அடிக்குச்சி மேலெழும் உயரத்தையும் மணிக்கட்டின் திருப்பத்தையும் பார்த்தாலே அடுத்த அடியின் பலம் தெரிந்துவிடும். ஒலியே எழுப்பாமல், தோலைத் தொடுமுன் குச்சியை நிறுத்தி நிறுத்தி வாசிக்கச் சொல்லி, ஆடுபவர்கள் அந்தக் கையை மட்டும் பார்த்து ஆடட்டும். ஒலியில்லாத இந்தப் பயிற்சிக்குப் பிறகு ஒலியோடு ஆடும்போது கிடைக்கும் துல்லியம் வேறாக இருக்கும். காசிமேட்டுப் பக்கத்தில் குத்துச்சண்டை பயின்றவர் யாராவது உங்கள் குழுவில் இருந்தால், எதிராளியின் தோளைப் பார்த்து அடியை முன்கூட்டியே உணர்வதையும், எடையை முன்பாதத்தில் வைத்து நகர்வதையும் சொல்லிக்கொடுக்கச் சொல்லுங்கள். வடசென்னையின் குத்துச்சண்டைப் பரம்பரைகள் காலுக்குத் தந்த பயிற்சி ஆட்டக்காரருக்கும் அப்படியே உதவும்.

படி 4: எந்த ஒலிக்கு உடலின் எந்த இடம்

தாழ்ந்த ஒலிக்கு இடுப்பும் முழங்காலும் காலும், உயர்ந்த ஒலிக்குத் தோளும் மணிக்கட்டும் தலையும் பதில் சொல்வது பெரும்பாலானோருக்கு இயல்பாக வருகிறது. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், நேரடி இசை நிகழ்ச்சி ஒன்றின் நடுவே, காதுக்கு ஏறக்குறைய எட்டாத மிகத் தாழ்ந்த அதிர்வுகளை எழுப்பும் ஒலிபெருக்கிகளை அவ்வப்போது இயக்கியும் நிறுத்தியும் பார்த்தார்கள். அவை இயங்கியபோது பார்வையாளர்களின் அசைவு ஏறத்தாழ 12 விழுக்காடு கூடியது; இயங்கியதை அவர்கள் அறிந்திருக்கவில்லை. ஊர்வலத்தில் பெரிய மேளம் பின்னாலிருந்து வந்து சேரும் கணத்தில் கூட்டத்தின் இடுப்பு மாறுவதைக் கண்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பயிற்சி: வாசிப்பவர் ஆழ்ந்த ஒலி, கூரிய ஒலி என்று இரண்டை மட்டும் கலந்து வாசிக்கட்டும். முதலில் ஆழ்ந்ததற்குக் கால், கூரியதற்குத் தோள். பழகிய பின் தலைகீழாக மாற்றுங்கள். இயல்புக்கு எதிரான அந்த மாற்றம் ஆட்டத்துக்கு ஒரு விறைப்பைக் கொடுக்கும். சில காட்சிகளுக்கு அந்த விறைப்பே தேவைப்படும்.

பறையாட்டத்தை இங்கே தனியாகக் கவனிக்க வேண்டும். அதில் வாசிப்பவரே ஆடுபவர். பறை தோளில் தொங்கி உடலோடு அணைந்திருக்க, இரு கைகளும் குச்சிகளைப் பிடித்திருப்பதால், ஆட்டம் முழுவதும் காலுக்கும் முழங்காலுக்கும் முதுகுக்கும் போய்ச் சேருகிறது. பறையை முன்னே சாய்த்து, குனிந்து, நிமிர்ந்து, திரும்பும்போது ஒலி போய்ச் சேரும் திசையும் மாறுகிறது. ஆகவே அசைவு இங்கே ஒலியைத் தொடர்ந்து வருவதில்லை, ஒலியையே வடிவமைக்கிறது. ஒத்தையடி, சப்பரத்தடி, மருள் அடி என்று ஒவ்வோர் அடிமுறைக்கும் உரிய நடையை, குச்சியைக் கையில் எடுக்கும் முன் வெறுங்காலால் கற்றுக்கொள்வது நல்ல ஒழுங்கு. அடிகளின் பெயரும் சொல்லும் குழுவுக்குக் குழு மாறும். உங்கள் ஆசான் சொல்வதையே பின்பற்றுங்கள்.

படி 5: ஒத்துப்போதல், பதில் சொல்லுதல், எதிர்த்தல், நிற்றல்

இந்த வழிகாட்டியில் எனக்கு மிகவும் பிடித்த படி இது. இங்கிருந்துதான் பயிற்சி கலையாகத் தொடங்குகிறது.

ஒத்துப்போதல் என்பது அடி விழும் இடத்தில் கால் விழுவது. கூட்டமாக ஆடும்போது இதற்கு நிகரான வலிமை வேறொன்றுக்கும் இல்லை. ஆனால் அதையே தொடர்ந்து செய்தால், பார்ப்பவர்கள் சற்று நேரத்தில் அடுத்ததை ஊகித்துவிடுவார்கள்.

பதில் சொல்லுதல் என்பது மேளம் பேசி முடித்த இடைவெளியில் உடல் பேசுவது. வாசிப்பவர் நான்கு எண்ணிக்கைக்கு ஒரு சொற்கட்டை வாசித்துவிட்டு, அடுத்த நான்குக்கு அமைதியாக இருக்கட்டும். ஆடுபவர் அதே சொற்கட்டைக் காலால் திருப்பிச் சொல்லட்டும். பிறகு திருப்பிச் சொல்லாமல், வேறொன்றைப் பதிலாகச் சொல்லட்டும். கதக்கில் தபலாவுக்கும் சலங்கைக்கும் நடக்கும் வாக்குவாதம் இந்த வகைதான்.

எதிர்த்தல் நுட்பமானது. மேளம் வேகமாக ஓடும்போது உடல் மிக மெதுவாக நகர்வது, மேளம் நான்கில் போகும்போது உடல் மூன்றில் போவது, தாளச் சுற்றின் முதல் அடியான சமத்தில் இறங்காமல், அரை எண்ணிக்கை தள்ளி, அனாகதம் எனப்படும் இடத்தில் இறங்குவது எல்லாம் இதில் அடங்கும். 2014இல் வெளியான ஓர் ஆய்வு, எதிர்பார்த்த இடத்திலிருந்து அடி சற்றே விலகும் தாளங்களே மக்களுக்கு ஆட வேண்டும் என்ற உந்துதலை அதிகம் தருகின்றன, விலகல் மிகக் குறைந்தாலும் மிகக் கூடினாலும் அந்த உந்துதல் தணிகிறது என்று காட்டியது. உங்கள் எதிர்ப்புக்கும் அதுவே அளவு. சமம் எங்கே இருக்கிறது என்று பார்ப்பவருக்குத் தெரிந்திருந்தால்தான் அதிலிருந்து விலகுவது அவருக்குச் சுவையாக இருக்கும்; எனவே விலகுவதற்கு முன் இரண்டு மூன்று சுற்றுகளாவது ஒத்துப்போய்க் காட்டுங்கள்.

நிற்றலை எல்லோரும் குறைத்து மதிக்கிறார்கள். சாவு மேளத்தில் வாசிப்பு உச்சத்துக்குப் போய்ச் சட்டென்று அறுந்து, ஓர் இழுப்புக்குப் பிறகு மறுபடியும் விழும் இடத்தைக் கவனியுங்கள். அந்த வெற்றிடத்தில் ஆடுபவர் உறைந்து நிற்பது ஓய்வன்று; உடல் முழுவதும் அடுத்த அடிக்காக இறுகியிருக்கிறது. அங்கே ஆடுவோரின் நிலைகளை மட்டும் தனியாக ஆராய்ந்தாலே ஒரு மேடை நிகழ்ச்சிக்குப் போதுமான பொருள் கிடைக்கும்.

இந்த நான்கையும் ஒன்றாகக் கட்டிப் பழக, ஒரு சொல்லை மூன்றுமுறை சொல்லிச் சமத்தில் முடிக்கும் தீர்மானம் உதவும். நான்கு எண்ணிக்கைக்குள், எண்ணிக்கைக்கு நான்கு மாத்திரை வீதம், பதினாறு மாத்திரை இருக்கிறது. முதல் மாத்திரையில் அசையாமல் நின்றுவிட்டு, இரண்டாவதிலிருந்து ‘ததிங்கிணதொம்’ என்ற ஐந்து மாத்திரைச் சொல்லை மூன்றுமுறை சொன்னால், ஒன்றும் பதினைந்துமாகப் பதினாறு நிறைந்து, அடுத்த மாத்திரை சரியாகச் சமத்தில் வந்து நிற்கும். அங்கே கால் விழ வேண்டும். முதல் முறை ஒத்துப்போய், இரண்டாம் முறை மேளத்தை மட்டும் பேசவிட்டு, மூன்றாம் முறை மேளம் ஓய உடல் மட்டும் சொல்லி, சமத்தில் இருவரும் சேர்ந்து இறங்கிப் பாருங்கள். சேர்ந்து இறங்கிய அந்தக் கணத்தில் குழுவில் யாராவது கத்திவிடுவார்கள், கத்தட்டும்.

கற்றுக்கொடுப்பவர்களுக்கு நாம் பட்டிருக்கும் கடன்

தெருவில் கேட்டுக் கற்பதைப் பற்றிப் பேசிய பிறகு இதைச் சொல்லாமல் மேலே போவது நேர்மையாகாது. பறை பல ஊர்களில் சாதியின் பெயரால் ஒரு சமூகத்தின் மேல் கட்டாய வேலையாகச் சுமத்தப்பட்டது. அந்தக் கட்டாயத்தை மறுத்துப் பறையை எறிந்தவர்களும் உண்டு. பிறகு அதையே தன்மானத்தின் கருவியாக மீட்டெடுத்தவர்களும் உண்டு. திண்டுக்கல் சக்தி கலைக்குழு பறையைப் பெண்களின் கையில் கொடுத்து மேடையேற்றியது. 2025இல் மதுரைப் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. ஆயினும் நம் பகுதியில் மேளம் அடித்துப் பிழைக்கும் பல இளைஞர்களுக்கு உரிய மதிப்பும் கூலியும் இன்னும் கிடைக்கவில்லை.

ஆகவே ஓர் அடிமுறையைக் கற்றுக்கொள்ள விரும்பினால், வாசிக்கும் அண்ணனிடம் நேரில் போய்க் கேளுங்கள்; அவர் செலவிடும் நேரத்துக்குப் பணம் கொடுங்கள்; மேடையில் அவர் பெயரைச் சொல்லுங்கள். துக்க வீட்டில் ஆடுபவர்களைக் கைப்பேசியில் படம்பிடித்துப் ‘பயிற்சிக்காக’ என்று சொல்லிக்கொள்ளாதீர்கள். அங்கே ஆடப்படுவது ஒருவருடைய இழப்பு. மூலக்கொத்தளம் சுடுகாடு வரை பிணத்துக்கு முன்னால் ஆடிக்கொண்டே போகிறவர் யாருக்காகவும் நிகழ்ச்சி நடத்தவில்லை.

படி 6: ஆடுபவர் முன்னே போதல்

இதுவரை மேளம் சொல்ல உடல் கேட்டது. இப்போது திருப்பிப் போடுங்கள். போர்ட்டோ ரிகோ நாட்டுப்புற ஆட்டமான போம்பாவில் ஆடுபவர் முதன்மை மேளக்காரரின் எதிரில் வந்து நின்று, தம் உடலால் சவால் விடுகிறார். அந்தத் திடீர் அசைவுகளை ஒலியாக்கிக் காட்டுவது மேளக்காரரின் வேலை. நமக்கும் இது புதிதன்று. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை ஆடலாசான், இசையாசான் வரிசையில் தண்ணுமை என்னும் தோல்கருவியை வாசிக்கும் முதல்வனுக்கும் தனி இலக்கணம் வகுக்கிறது. இன்றும் பரதநாட்டிய மேடையில் தேர்ந்த மிருதங்கக்காரர் ஆடுபவரின் பாதத்திலிருந்து கண்ணை எடுப்பதில்லை.

வாசிப்பவரும் ஆடுபவரும் எதிரெதிரே நில்லுங்கள். தொடக்கத்தில் மூன்று அசைவுகள் மட்டும்: கால் தட்டு, தோள் வெட்டு, கை விரிப்பு. ஒவ்வொன்றுக்கும் எந்த ஒலி என்று இருவரும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். ஆடுபவர் நினைத்த நேரத்தில் செய்ய, வாசிப்பவர் ஒலியைத் தர வேண்டும். முதலில் ஒலி பிந்தும். ஆடுபவர் திடீரென்று குதித்துவிடாமல், புறப்பாட்டைத் தெளிவாகக் காட்டக் கற்றுக்கொண்டதும் பிந்துதல் மறையும். மூன்றாம் படியில் ஆடுபவர் குச்சியைப் பார்த்துக் கற்றதையே இங்கே மேளக்காரர் முழங்காலைப் பார்த்துக் கற்கிறார். இடம் மாறி ஒருமுறை செய்யுங்கள். மேளக்காரரை ஆடவிடாத குழு பாதிதான் கற்கும்.

படி 7: தெருவின் நீளம்

அறையில் சரியாக இருந்த ஆட்டம் ஊர்வலத்தில் சிதறுவதற்கு ஓர் எளிய காரணம் இருக்கிறது. நம் ஊர் வெப்பத்தில் ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 350 மீட்டர் செல்கிறது. மேளத்திலிருந்து 35 மீட்டர் தள்ளி ஆடுபவருக்கு அடி விநாடியில் பத்தில் ஒரு பங்கு பிந்திக் கேட்கிறது. நிமிடத்துக்கு 120 அடி போகும் ஆறு மாத்திரை நடையில், அடிக்கு மூன்று மாத்திரை என்பதால், ஒரு மாத்திரை விநாடியில் ஆறில் ஒரு பங்குதான். பிந்துவதோ அதில் பாதிக்கும் மேல். முன்னால் இருப்பவர்களைப் பார்த்து ஆடுவதா, காதில் கேட்பதற்கு ஆடுவதா என்று பின்வரிசை தவிக்கும். இரண்டு பக்கமும் நெருங்கிய வீடுகள் உள்ள சந்தில் எதிரொலி வேறு சேர்ந்துகொள்ளும்.

தீர்வு எளியது: மேளத்தை வரிசையின் ஓரத்தில் வைக்காமல் நடுவில் வைத்து, ஆடுபவர்களை இரு பக்கமும் பிரித்து நிறுத்துங்கள், தொலைவு பாதியாகும். அதற்கும் மேல் நீண்ட வரிசை என்றால், பின்னால் ஒரு சட்டியை நிறுத்தி, அவர் முன்மேளக்காரரின் கையைப் பார்த்து வாசிக்கட்டும். ஒளிக்குப் பிந்துதல் இல்லை.

படி 8: மூன்று நிமிட ஆட்டம் ஒன்றைக் கட்டுதல்

மேலே பழகியவற்றில் இரண்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் காட்ட நினைக்க வேண்டாம். எடுத்துக்காட்டாக, ஆறு மாத்திரை நடையில் ஒத்துப்போதலும் நிற்றலும். முதல் நிமிடம் மேளம் மட்டும், ஆடுபவர்கள் எடையை மாற்றிக்கொண்டு நிற்கட்டும். இரண்டாம் நிமிடத்தில் அனைவரும் ஒத்துப்போகட்டும். மூன்றாம் நிமிடத்தில் ஒருவர் பின் ஒருவராக விலகி நின்று, கடைசியில் மேளக்காரரும் ஒரு ஆட்டக்காரரும் மட்டும் எதிரெதிரே மிஞ்சட்டும்.

அதைக் கைப்பேசியில் பதிவு செய்து, முதலில் ஒலியை அணைத்துவிட்டுப் பாருங்கள். தாளம் உடலில் தெரிகிறதா, எந்த இடத்தில் மங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு திரையை மூடிவிட்டுக் கேளுங்கள். காலொலியும் மேளமும் எங்கே ஒன்றாக விழுகின்றன, எங்கே இரட்டையாகச் சிதறுகின்றன என்று குறியுங்கள். இரண்டு குறிப்புகளையும் ஒப்பிட்டால், பிந்தும் இடங்கள் பெரும்பாலும் திரும்பும்போதும், இறங்கி எழும்போதும், இடம் மாறும்போதும்தான் வருவது தெரியும். அந்த இடங்களில் மட்டும் அசைவைச் சிறிதாக்கியோ, அரை எண்ணிக்கை முன்னதாகப் புறப்பட்டோ, மேளக்காரரிடம் அங்கே ஓர் அடியை விட்டுவிடச் சொல்லியோ திருத்துங்கள். மற்ற இடங்களைத் தொடாதீர்கள். அடுத்த முறை பறையைக் காய்ச்சிவிட்டு, அந்தத் திருத்தங்களிலிருந்து தொடங்குங்கள்.